ஒரு கண்ணில் இரண்டு வேலை

"கற்றரக்டையும் பிரஷரையும் ஒரேயடியாச் செய்துவிடலாமோ டொக்டர்?"

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கத்துக் கண் வைத்தியர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது. கேட்பவர் அநேகமாக அறுபதைத் தாண்டியவராக இருப்பார். கையிலுள்ள பிளாஸ்ரிக் பையில் மூன்று சொட்டு மருந்துப் போத்தல்கள், பக்கத்தில் லீவு போட்டுக்கொண்டு வந்த மகளோ மருமகனோ. பதிலும் அநேகமாக ஒன்றுதான். "செய்யலாம் அம்மா. கண்ணுக்குள்ள தண்ணி வடியிற மூலையை முதல்ல பாப்பம். பாத்திட்டுத்தான் சொல்லலாம்."

கேட்டவருக்கு இது நழுவல் பதிலாகப் படும். ஆனால் நூறு வருடத்துக்கும் மேலாகக் கண் சத்திரசிகிச்சை நிபுணர்கள் ஒருவரோடொருவர் போட்ட வழக்கு முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கிறது. அந்த வழக்கின் முக்கியமான ஒரு பகுதி நமக்கு எட்டிய தூரத்தில், சென்னை எழும்பூரில் நடந்தது.

நோய்கள் இரண்டையும் முதலில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதோடு மங்கி வெளுப்பது வெண்புரை, கற்றரக்ட் என்பது இதுதான். அதை எடுத்துவிட்டு வேறு வில்லை வைத்தால் பார்வை திரும்பிவிடும். பிரஷர் என்று நாம் சொல்லும் குளுக்கோமாவில் போன பார்வை திரும்பாது. கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறுகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 மைக்ரோலீற்றர், அதாவது நாம் விடும் ஒரு சொட்டு மருந்தில் இருபதில் ஒரு பங்கு. கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான கதிராளியின் விளிம்பில் ஒரு கோணம் உண்டு, டொக்டர் சொன்ன மூலை அதுதான். அந்தக் கோணத்திலுள்ள நுண்ணிய சல்லடை வழியாக நீர் வடிந்து இரத்தத்தோடு சேரவேண்டும். வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் அழுத்தம் ஏறும். 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை வழக்கமான அளவு என்பார்கள். ஏறிய அழுத்தம் பின்னாலுள்ள பார்வை நரம்பைச் சத்தமில்லாமல் தின்னும். தென் தமிழ்நாட்டு மாவட்டங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையார் நாற்பது வயதைத் தாண்டிய 5150 பேரைப் பரிசோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், 2.6 சதவீதத்தினருக்குக் குளுக்கோமா இருந்தது. பெரும்பாலானோருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது.

இரண்டு நோயும் குடியிருப்பது சில மில்லிமீற்றர் ஆழமுள்ள ஒரே அறையில். வில்லை வயதோடு தடிக்கும். தடித்த வில்லை கதிராளியை முன்னே தள்ளி வடிகால் வாயை நெரிக்கும். ஆகவே ஒரு நோய்க்குக் கை வைத்தவர் மற்ற நோயைத் தொடாமல் வெளியே வரமுடியாது. இதைக் கண்கூடாகப் பார்த்தவர்களில் ஒருவர் லெப்டினன்ட் கேணல் றொபர்ட் ஹென்றி எலியட்.

சென்னைக் கண் ஆஸ்பத்திரி 1819இல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் 1805இல் பிறந்தது, சென்னையும் உலகின் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. பிறகு அது எழும்பூருக்கு வந்தது. கொழும்புக்காரருக்கு எழும்பூர் என்றால் போட் மெயில் ரயில் ஞாபகம் வரும். அதே எழும்பூரில், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், எலியட் அந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பாளராக இருந்தார். (பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை வேறொரு எலியட்டின் பெயரில் உள்ளது. இவரை அங்கே தேடவேண்டாம்.) அந்தக் காலத்தில் ஊர் ஊராகச் சுற்றிய நாட்டு வைத்தியர்கள் வெண்புரைக்கு ஒரு கூரான கம்பியைக் கண்ணில் செலுத்தி, மங்கிய வில்லையைப் பின்னே தள்ளிவிடுவார்கள். சுசுருதர் காலந்தொட்டு வந்த முறை. வில்லை விழுந்தவுடன் வெளிச்சம் தெரியும், காசும் கைமாறும், வைத்தியர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். வாரங்களோ மாதங்களோ கழித்து அந்தக் கண்கள் சிவந்து, வீங்கி, அழுத்தம் ஏறி, பலது குருடாகி எழும்பூருக்கு வந்து சேரும். எலியட் அவற்றைச் சேகரித்து, அறுத்துப் பார்த்து, 1917இல் லண்டன் றோயல் சத்திரசிகிச்சைக் கல்லூரியில் விரிவுரைகளாகச் சொல்லி, நூலாகவும் வெளியிட்டார். வெண்புரைக்குச் செய்த வேலை குளுக்கோமாவைப் பெற்றெடுத்த கதை அந்த நூலில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

குளுக்கோமாவுக்கென்று அவர் கண்டுபிடித்தது வேறு. 1857இல் பெர்லினில் ஃபொன் கிரேஃபே கதிராளியில் ஒரு துண்டை வெட்டியெடுத்துத் திடீர்க் குளுக்கோமாவை அடக்கிக் காட்டியிருந்தார். ஆனால் வலியில்லாமல் மெல்ல ஊர்ந்துவரும் வகைக்கு அது அவ்வளவாக உதவவில்லை. எலியட் துணிந்து ஒரு துளை போட்டார். கண்ணின் வெள்ளையும் முன்படலமும் சேரும் விளிம்பில், பல்லுள்ள சிறு குழாய் போன்ற கருவியால், ஏறத்தாழ 2 மி.மீ. அகலத்தில், முழு ஆழத்துக்கும் ஒரு வட்டத் துளை. உள்ளே தேங்கிய நீர் அந்த வழியால் கசிந்து மேலேயுள்ள மெல்லிய சவ்வுக்கு அடியில் பரவி உறிஞ்சப்படும். அடைபட்ட பீலியைச் சுரண்டிக்கொண்டிருக்காமல் சுவரிலேயே புதிதாக ஓட்டை போடுவது போன்ற வேலை. 1909இல் அவர் இதை வெளியிட்டார். அதே வருடம் கிளாஸ்கோவில் ஃபேர்கஸ் என்பவரும் இதேபோன்ற கருவியால் துளை போட்ட செய்தியை வெளியிட்டதால் யார் முதல் என்ற சச்சரவு வந்தது. உலகம் எங்கும் இதைப் பரப்பியவர் எலியட் என்பதில் ஐயமில்லை. 1913இல் இதற்கென்றே தனி நூல் எழுதினார்.

இங்கிலாந்து திரும்பிய பிறகு இவர் மந்திரவித்தைக்காரர் சங்கத்தில் சேர்ந்து, இந்தியக் கயிற்று வித்தையை மெய்ப்பித்துக் காட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று 1934இல் அறிவித்த குழுவின் தலைவராக இருந்தார். பரிசை வாங்க யாரும் தேறவில்லை. கண்கட்டு வித்தையை விரட்டியவருக்குக் கண் வைத்தியம் பொருத்தமான தொழில்தான்.

எலியட்டின் துளையில் ஒரு தொல்லை. அதற்கு மூடி இல்லை. நீர் அளவுக்கு மீறி வடிந்தால் கண் தளர்ந்துபோகும், முன்னறை தட்டையாகும். வருடங்கள் கழித்துக் கிருமி உள்ளே போகவும் வழியுண்டு. அரை நூற்றாண்டு அந்த முறையோடு உலகம் மல்லுக்கட்டியது. பிறகு இரண்டு வேலையின் இன்றைய வடிவங்களும் அத்திலாந்திக் கடலின் இரு கரைகளில், ஒரு வருட இடைவெளியில் பிறந்தன.

1967இல் நியூயோர்க்கில் சார்ள்ஸ் கெல்மன், பல் வைத்தியர் பல்லில் காரை எடுக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பார்த்து, அதே அதிர்வால் வெண்புரையை நொறுக்கி உறிஞ்சலாம் என்று தொடங்கினார். அதுவே பேக்கோ. அடுத்த வருடம் கேம்பிரிட்ஜில் ஜோன் கேர்ன்ஸ் 17 நோயாளிகளிடம் செய்த டிராபிகுலெக்டமி என்ற முறையை வெளியிட்டார். கண்ணின் வெள்ளையில் அரைத் தடிப்புக்கு ஒரு சிறு கதவு கீறித் தூக்கி, அதற்கடியில் சல்லடையில் ஒரு துண்டு எடுத்து, கதவைத் திரும்பத் தைத்துவிடுவது. எலியட்டின் துளைக்கு மூடி கிடைத்துவிட்டது என்று நாம் இன்று சொல்கிறோம். ஆனால் கேர்ன்ஸ் துளை போட நினைக்கவேயில்லை. வடிகாலின் வெட்டுண்ட முனைகள் வழியே நீர் இயற்கையான பாதையில் போகும் என்பதே அவர் எண்ணம். சவ்வுக்கடியில் நீர்க்கொப்புளம் உண்டானதை அவர் எதிர்பார்க்கவில்லை. பின்னால் பார்த்தபோது அந்தக் கொப்புளம்தான் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தத்துவம் பிழைத்தது, சிகிச்சை நிலைத்தது. இன்றுவரை புதிய முறைகள் எல்லாம் இதோடுதான் ஒப்பிடப்படுகின்றன.

இனி இரண்டையும் ஏன் சேர்த்தார்கள் என்பதற்கு வருவோம். செலவும் அலைச்சலும் மிச்சம், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றுதான் வீட்டில் பேசிக்கொள்வோம். வைத்தியர்களைத் தள்ளிய காரணம் வேறு. தனித்தனியே செய்தால் ஒன்று மற்றதைக் கெடுத்தது. டிராபிகுலெக்டமி செய்த கண்ணில் வெண்புரை வேகமாக முற்றும். சரி என்று பிறகு அந்த வெண்புரையை எடுத்தால், அதனால் வரும் அழற்சியில் நன்றாக வேலைசெய்துகொண்டிருந்த கொப்புளம் தழும்பாகி அடைபடக்கூடும். வெண்புரையை முதலில் எடுத்தாலோ, சத்திரசிகிச்சை முடிந்த முதல் சில மணித்தியாலங்களில் அழுத்தம் குபீரென்று ஏறலாம். நல்ல நரம்பு அதைத் தாங்கும். ஏற்கெனவே முக்கால்வாசி போன நரம்பு மிச்சத்தையும் இழக்கலாம். எந்த வரிசையில் செய்தாலும் நட்டம் இருந்ததால்தான், இரண்டையும் ஒரே அமர்வில் வைக்கலாமா என்று பார்த்தார்கள்.

1970களில் பார்த்தபோது பலன் சுமார்தான். அப்போது வெண்புரையை முழுசாக வெளியே எடுக்கவேண்டும். அதற்கு விளிம்பின் பாதிச் சுற்றளவுக்குக் கீறவேண்டும். அவ்வளவு பெரிய காயம் ஆறும்போது பக்கத்திலுள்ள சின்ன வடிகாலும் சேர்ந்தே ஆறிவிடும். எந்தச் சத்திரசிகிச்சையிலும் காயம் ஆறினால் மகிழ்ச்சி. குளுக்கோமாவில் மட்டும் ஆறினால் தோல்வி. ஹரோல்ட் ரிட்லி 1949இல் லண்டனில் வைத்த செயற்கை வில்லை பரவலானதும் மூன்று வேலை ஒன்றாகச் சேர்ந்தன. ஆனாலும் காயத்தின் பிரச்சினை தீரவில்லை. தீர்த்தவை இரண்டு. கெல்மனின் பேக்கோ காயத்தை 3 மி.மீ. அளவுக்குச் சுருக்கியது, மடித்துச் செலுத்தும் வில்லைகள் அந்தச் சிறு வழியாலேயே உள்ளே போயின. மற்றது மைற்றோமைசின். புற்றுநோய்க்கான மருந்து. 1983இல் தைவானைச் சேர்ந்த சென் என்ற வைத்தியர் அதைக் கொப்புளம் தழும்பாகாமல் தடுக்கப் பயன்படுத்தினார். மருந்தில் தோய்த்த பஞ்சுத் துண்டைச் சவ்வுக்கடியில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, நீர் பீச்சிக் கழுவிவிடுவார்கள். நிமிடங்களின் கணக்கு முக்கியம். கூடினால் சவ்வு மெலிந்து கசியும்.

1990களில் பேக்கோவும் டிராபிகுலெக்டமியும் ஜோடி சேர்ந்ததும் புதிய வழக்கு ஒன்று கிளம்பியது. ஒரே வெட்டா, இரண்டு வெட்டா?

ஒரே வெட்டுக்காரர் நோயாளியின் தலைமாட்டில் இருந்து வேலை செய்வார். மேல் இமை மூடும் இடத்தில் சவ்வை விலக்கி, கண்ணின் வெள்ளையில் கதவைக் கீறி, அந்தக் கதவுக்கு அடியாலேயே பேக்கோ ஊசியைச் செலுத்தி வெண்புரையை எடுத்து, வில்லையை வைத்து, அதே வாயில் பஞ்ச் கருவியால் ஒரு கடி கடித்து வடிகால் திறந்து, கதிராளியில் சிறு துண்டு எடுத்து, தலைமயிரைவிட மெல்லிய நைலோன் நூலால் கதவைத் தைத்து முடிப்பார். இரண்டு வெட்டுக்காரர் வெண்புரையைக் காதுப் பக்கமிருந்து தனியான சிறு துளையால் எடுத்துவிட்டு எழும்புவார். நுண்காட்டி திருப்பப்படும், கதிரை நகரும், தலைமாட்டுக்கு வந்து வடிகால் வேலையைப் புதிதாகத் தொடங்குவார். பேக்கோ ஊசியின் சூடும் உராய்வும் படாத இடத்தில் திறந்த வடிகால் குறைவாகத் தழும்பாகும் என்பது அவர்கள் வாதம். எதிர்த்தரப்பு மிச்சமாகும் நேரத்தைக் காட்டும்.

2002இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தராசில் போட்டார்கள். வெண்புரையை மட்டும் எடுப்பதைவிட, சேர்த்துச் செய்தால் அழுத்தம் சராசரியாக 3, 4 மி.மீ. கூடுதலாகக் குறைகிறது, மருந்தும் குறைகிறது. இதற்கு நல்ல ஆதாரம் இருந்தது. மைற்றோமைசின் உதவுகிறது. இரண்டு வெட்டு ஒரு வெட்டைவிடக் கொஞ்சம் நல்லது, ஆனால் ஆதாரம் பலவீனமானது. என் கணிப்பில், பத்து வருடம் ஆவேசமாக நடந்த ஒரு வழக்குக்கு இவ்வளவு மந்தமான தீர்ப்பு வந்தது நல்லதுதான். வைத்தியர் தன் கைக்குப் பழகிய முறையைச் செய்யலாம் என்று அதற்கு அர்த்தம்.

பேக்கோ இயந்திரம் இல்லாத இடங்களில் என்ன செய்வது? இதற்கு விடை சொன்னது தென்னிந்தியா. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன கோவிந்தப்ப வெங்கடசாமி என்ற டொக்டர் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்தில், வெண்புரையைக் கையாலேயே 6, 7 மி.மீ. சுரங்கம் வழியாக எடுக்கும் முறையைப் பெருந்தொகையானோருக்குச் செய்தார்கள். தையல் வேண்டியதில்லை. அந்தச் சுரங்கத்தின் வாயிலேயே டிராபிகுலெக்டமியையும் சேர்த்துச் செய்யலாம். பேக்கோவோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அழுத்தம் குறைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 1992இல் அவர்களே ஓரோலேப் என்ற தொழிற்சாலை அமைத்து வில்லை செய்யத் தொடங்கினார்கள், விலை சரிந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்து கண்ணுக்காக மதுரைக்கும் சென்னைக்கும் போய்வந்தவர்கள் இல்லாத குடும்பம் வெள்ளவத்தையில் குறைவு.

சேர்த்துச் செய்தால் மருந்தும் குறைகிறது என்று பார்த்தோம். மருந்துப் போத்தல் குறைவது என்றால் என்ன என்பதை நாங்கள் 2022இல் படித்தோம். இலங்கையில் டொலர் தட்டுப்பாட்டால் மருந்து வரவில்லை. காலி வீதியில் பாமசி பாமசியாக ஏறியிறங்கி, இருக்கிற கடையில் இருக்கிற விலைக்கு வாங்கினோம். லற்றனோப்ரோஸ்ட் போன்ற சொட்டு மருந்தைத் திறக்கும்வரை 2 முதல் 8 பாகை குளிரில் வைக்கவேண்டும். மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. எங்கள் மாடிக்குடியிருப்பில் ஒரு மாமி, மீன் வாங்கிவரும் ரெஜிபோம் பெட்டியைக் கழுவி, ஐஸ் போட்டு, அதற்குள் தன் கண் மருந்தையும் கீழ்வீட்டுக்காரரின் இன்சுலினையும் வைத்துக் காத்தார். "சராசரியாக ஒரு மருந்து குறைந்தது" என்று ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரி வந்தால் அதைச் சின்ன விஷயம் என்று என்னால் வாசிக்க முடிவதில்லை.

மருந்தும் வேண்டாம், கொப்புளமும் வேண்டாம் என்று பிறந்தவைதான் இன்றைய நுண்குழாய்கள். 2012இல் அமெரிக்காவில் ஐஸ்டென்ட் அனுமதி பெற்றது. ஒரு மி.மீ. நீளமுள்ள டைட்டேனியத் துண்டு, வெண்புரை எடுத்த அதே துளையால் உள்ளே போய் வடிகாலில் செருகப்படும். பாதுகாப்பானது, ஆனால் அழுத்தத்தைக் குறைப்பது மிதமாகத்தான். ஆரம்ப, நடுத்தர நிலைக்கு ஏற்றது. 2016இல் சைபாஸ் என்ற இன்னொரு குழாய் வந்தது. இரண்டு வருட முடிவுகள் அழகாக இருந்தன. ஐந்தாம் வருடம் பார்த்தபோது, கண்ணின் முன்படலத்தைத் தெளிவாக வைத்திருக்கும் உட்கலங்கள் வழமையைவிட அதிகமாக அழிந்திருந்தன. 2018 ஓகஸ்டில் கம்பெனியே அதைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டது. புது முறையைப் பற்றி யாராவது பெருமையாகச் சொன்னால் எத்தனை வருடக் கணக்கு என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

டொக்டர் ஏன் மூலையைப் பார்க்கவேண்டும் என்றார்? குளுக்கோமாவில் இரண்டு வகை. மூலை திறந்திருந்தும் சல்லடை வேலை செய்யாதது ஒன்று. தடித்த வில்லை நெரித்து மூலை மூடிப்போவது மற்றது. இரண்டாவது ஆசியாவில் அதிகம். அந்த வகையில் வில்லையை எடுத்தாலே நெரிப்பு விலகிவிடுகிறது. அப்படியானால் வெண்புரைச் சத்திரசிகிச்சையே குளுக்கோமாச் சத்திரசிகிச்சை ஆகிவிடாதா? ஹொங்கொங்கில் க்ளெமென்ட் தாம் குழுவினர், மருந்துக்கு அடங்காத மூடுகோணக் குளுக்கோமா உள்ள 51 கண்களில் வில்லையை மட்டும் எடுப்பதையும் டிராபிகுலெக்டமியோடு சேர்த்துச் செய்வதையும் ஒப்பிட்டு 2009இல் வெளியிட்டார்கள். சேர்த்துச் செய்தவர்களுக்கு மருந்து குறைவாகத் தேவைப்பட்டது, சிக்கல்கள் அதிகம் வந்தன. வில்லையை மட்டும் எடுத்தவர்களில் ஒரு சிலருக்கே இரண்டு வருடத்துக்குள் டிராபிகுலெக்டமி வேண்டியிருந்தது. 2016இல் ஈகிள் என்ற ஆய்வு இன்னும் ஒரு படி போனது. வெண்புரையே இல்லாத, ஆனால் மூலை மூடிய, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 419 பேரில் ஒரு பாதிக்கு நல்ல வில்லையையே எடுத்தார்கள். மறு பாதிக்கு வழக்கமான லேசரும் மருந்தும். மூன்று வருடத்தில் வில்லை எடுத்தவர்களில் 21 சதவீதத்தினருக்குத்தான் சொட்டு மருந்து தேவைப்பட்டது, மற்றவர்களில் 61 சதவீதத்தினருக்கு. பிரிந்து நின்றால் கெடுக்கும் என்று ஒன்றாகச் சேர்த்த இரண்டு வேலையில், மூலை மூடிய பலருக்கு ஒன்றே போதுமோ என்ற இடத்துக்குக் கதை வந்திருக்கிறது.

மூலை திறந்த வகையில், நோய் முற்றியவருக்கு, கேர்ன்ஸின் கதவும் சென்னின் பஞ்சும்தான் இன்னமும் முதன்மையான வழி. அவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு சம்மதிக்கவேண்டும். வெண்புரை மட்டும் என்றால் அன்றே வீட்டுக்கு வந்து, சில நாளில் பேப்பர் வாசிக்கலாம். சேர்த்துச் செய்தால் முதல் ஆறு கிழமை அடிக்கடி வரச் சொல்வார்கள். அழுத்தத்தைப் பார்த்து, எந்தத் தையலை எப்போது லேசரால் அறுப்பது, கொப்புளத்தைச் சுற்றித் தழும்பு கட்டுகிறதா, ஊசியால் கிளறி விடவேண்டுமா என்று தீர்மானிப்பார்கள். பார்வை நிலைக்கவும் நாளெடுக்கும், கண்ணாடி நம்பரைக் கடைசியில்தான் எழுதுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருபவர் வெள்ளவத்தையில் தங்குமிடம் பார்க்கும்போது ஒரு கிழமைக்கல்ல, அந்த ஆறு கிழமைக்கும் ஒழுங்கு செய்துகொண்டு வருவது நல்லது. பிறகும் கொப்புளம் உள்ள கண் எத்தனை வருடம் கழித்தாவது சிவந்து, வலித்து, பூளை தள்ளினால் அடுத்த கிளினிக் தேதிவரை காத்திருக்கக்கூடாது. இரவென்றாலும் அன்றே கண்ணாஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.